உப்பும் உயிரணுவும்: புதுக்கோட்டை உவர்மண் முதல் டாக்கா மருத்துவமனை வரை

புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இன்று ஒரு கடற்கரை உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என முஸ்லிம்களும் மீனவ மக்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் அக்கரையில் வரிசையாக அமைந்துள்ளன. ஆனால் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடல் கிடையாது. நாம் மேலே குறித்த ஊர்கள் அன்று தஞ்சை மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியைச் சார்ந்தவை. சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமான போதுதான் கடற்கரையும் அதனுடன் சேர்ந்தது.

கடல் இல்லாத அந்தச் சமஸ்தானத்து மக்கள் உப்புக்கு என்ன செய்தார்கள்? மண்ணிலிருந்தே எடுத்தார்கள். கோடையில் வெண்மை பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கும் மண்ணுப்பே ஏழை எளியோரின் அடுக்களையில் புழங்கிற்று. ஆங்கிலேய அரசுக்கோ உப்பு ஒரு வரிப் பண்டம். தன் ஆட்சி எல்லைக்கு நடுவே வரியில்லாத உப்பு விளையும் நிலம் ஒன்று இருப்பதை அது விரும்பவில்லை. 1880களின் பிற்பகுதியில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. சமஸ்தானம் மண்ணுப்புக் காய்ச்சுவதைத் தடைசெய்ய வேண்டும். அதற்கு இழப்பீடாக ஆங்கிலேய அரசு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் தரும். பணம் அரண்மனைக் கருவூலத்திற்குச் சென்றது. உவர்மண்ணை நம்பியிருந்த குடியானவர், வரி சேர்ந்த கடலுப்பை விலைகொடுத்து வாங்கலானார்.

அக்காலத்தில் சமஸ்தான நிர்வாகத்தை நடத்தியவர் சர் அ. சேஷையா சாஸ்திரியார். நகரின் குளங்களைத் தூர்வாரிச் சீர்செய்து குடிநீருக்கு வழிகண்டவர் என்று அவரை இன்றும் அவ்வூரார் நினைவுகூர்கின்றனர். வாந்திபேதி ஆண்டு தவறாமல் வந்துபோன காலம் அது. 1876-78இன் பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பசியோடு சேர்ந்து வாந்திபேதியும் மக்களை அள்ளிச் சென்றிருந்தது. நல்ல தண்ணீர் நோயைத் தடுக்கும் என்பது ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் நோய் வந்த பின்னர் ஒரு மனிதன் சில மணி நேரத்தில் வற்றிச் சாவது ஏன் என்பதும், அவனைக் காக்கும் பொருள்களில் முதன்மையானது அடுக்களை உப்பே என்பதும் அன்று தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அந்த உண்மை எவ்வாறு, யார் யார் கைகளின் வழியாக, எத்தனை காலங்கடந்து நம்மை வந்தடைந்தது என்பதை ஈண்டுக் காண்போம்.

உயிரணுவின் எல்லைக் காவல்

முதலில் நம் உடலுக்குள் நிகழ்வதை அறிந்துகொள்ள வேண்டும். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலான மிக மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. அதன் இருபுறமும் நீர்தான். ஆயினும் இரண்டும் ஒரே நீர் அல்ல. உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது. இவற்றையே அயனிகள் என்கிறோம். உயிரணுவுக்கு வெளியே உள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம் அயனிகள் உள்ளன. உள்ளேயோ பத்து, பதினைந்து மட்டுமே. பொட்டாசியம் இதற்கு நேர்மாறானது. உள்ளே ஏறத்தாழ 140. வெளியே நான்கு, ஐந்து.

செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பரவுவது அயனிகளின் இயல்பு. சவ்வில் சிறு கசிவுகளும் உண்டு. ஆகவே சோடியம் இடைவிடாமல் உள்ளே கசிகிறது. பொட்டாசியம் வெளியே கசிகிறது. இதனை அப்படியே விட்டுவிட்டால் சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உள்ளே புகும். உயிரணு வீங்கி வெடிக்கும். அதனைத் தடுப்பதற்கென்று சவ்வில் ஒரு புரதம் பதிந்திருக்கிறது. சோடியம் பொட்டாசியம் இறைப்பி என்று அதனைச் சொல்லலாம். அது ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. இந்த வேலைக்கு உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. நாம் ஓய்ந்து படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வொரு வேலைக்கே போகிறது. ஓட்டைப் படகிலிருந்து ஓயாமல் நீரிறைக்கும் மீனவனைப் போன்றது இவ்விறைப்பி. அவன் கை ஓய்ந்தால் படகு மூழ்கும்.

இதே காவலின் வேறு வடிவங்களைப் புதுக்கோட்டைக் கடற்கரையிலேயே காணலாம். மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடு உள்ளது. கடல்நீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்களுள் ஒருவகை, தன் இலைகளில் உள்ள சுரப்பிகளின் வழியே மிகுதி உப்பை வெளியேற்றுகிறது. வெயிலில் அவ்விலையைத் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். வேறு சில வகைகள் வேரிலேயே உப்பைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. கடற்கரை மக்கள் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்குவதும் இவ்வியலின் மறுபக்கமே. வெளியே உப்பின் செறிவு மிகும்போது மீனின் தசையிலிருந்தும், அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களிலிருந்தும் நீர் வெளியேறிவிடுகிறது. நுண்ணுயிர் பெருக வழியின்றி ஒடுங்குகிறது. மீன் கெடாமல் நிற்கிறது.

நண்டும் கணவாயும் கற்பித்தவை

உடலின் நலம் என்பது ஒரு சமநிலை என்னும் கருத்து பழமையானது. கிரேக்கரிடமிருந்து பெற்ற மருத்துவத்தை வளர்த்தெடுத்த முஸ்லிம் அறிஞர்கள் அதனை மிஸாஜ் என்ற சொல்லால் குறித்தனர். இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ இக்கருத்தை அடித்தளமாகக் கொண்டது. யூனானி ஹகீம்கள் இன்றும் அச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் நாம் ஒன்றை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் பேசிய சமநிலை வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய தன்மைகளின் சமநிலை. அயனிகளையோ உயிரணுவையோ அவர்கள் அறிந்திலர். அறிவதற்கான கருவிகளும் அன்று இல்லை. அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாக ஏற்றிக் கூறுவது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. நோயாளியை உற்று நோக்கு, அளந்து பார், முன்னோர் கூற்றையும் சோதித்துப் பார் என்ற அவர்களின் நெறியே நமக்கு உரிய மரபுச் செல்வம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார் என்பார், உயிரணுக்கள் வாழ்வது வெளியுலகில் அன்று, உடலுக்குள் உள்ள ஒரு நீர்ச்சூழலில்தான் என்றும், அச்சூழலை மாறாமல் காப்பதே உயிர்வாழ்வின் நிபந்தனை என்றும் கூறினார். 1880களின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கச் செய்து ஆராய்ந்தார். தூய வடிநீரில் கரைத்த உப்பில் அவ்விதயம் விரைவில் ஓய்ந்தது. குழாய்நீரில் கரைத்த போதோ நெடுநேரம் துடித்தது. குழாய்நீரில் இயல்பாகவே கலந்திருந்த சுண்ணாம்புச் சத்தே காரணம் என்பதை அவர் கண்டறிந்தார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவை உரிய விகிதத்தில் இருந்தாலன்றி உயிர்ப்பொருள் இயங்காது என்பது அவ்வாறு புலனாயிற்று. இன்று மருத்துவமனைகளில் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் திரவம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிற உண்மைகளைக் கடல் உயிர்கள் காட்டின. கணவாயின் உடலில் சாதாரண நரம்பிழையைவிடப் பன்மடங்கு தடித்த ஒரு நரம்பிழை உண்டு. அதனுள் நுண்ணிய மின்முனையைச் செலுத்தி ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள், நரம்பில் ஓடும் செய்தி என்பது சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியே பாய்வதுமே என்று 1952இல் நிறுவினர். அவ்வாறு பாய்ந்தவற்றை மீண்டும் பழைய இடத்தில் சேர்ப்பது எது? டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ, கரையோர நண்டின் கால் நரம்புகளை அரைத்து அதற்கு விடை தேடினார். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து இருக்கும்போதே விரைந்து ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி ஒன்று சவ்வில் இருப்பதை 1957இல் வெளியிட்டார். அதுவே நாம் மேலே சொன்ன இறைப்பி. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. செகதாப்பட்டினத்து மீன் ஏலத்தில் கூடை கூடையாக விலைபோகும் நண்டுக்கும் கணவாய்க்கும் மனித அறிவின் வரலாற்றில் இத்தகைய இடம் உண்டு.

1832: கைவிடப்பட்ட ஓர் உண்மை

இனி வாந்திபேதியின் வரலாற்றிற்கு வருவோம். வங்கத்திலிருந்து புறப்பட்ட காலரா 1831இல் இங்கிலாந்தை எட்டியது. வில்லியம் புரூக் ஓஷாக்னெசி என்ற இருபத்திரண்டு வயது அயர்லாந்து மருத்துவர், நோயாளிகளின் குருதியைச் சோதித்தார். குருதி நீரையும் உப்புகளையும் பெருமளவில் இழந்திருப்பதைக் கண்டார். இழந்தவற்றைத் திருப்பித் தருவதே மருத்துவம் என்று எழுதினார். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா அதனைச் செய்து பார்த்தார். சாகும் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டியின் நாளத்தில் உப்புநீரைச் செலுத்தினார். குழிந்த கண்கள் ஒளிபெற்றன. நின்றிருந்த நாடி மீண்டது. ஆனால் அவர் ஓய்வெடுக்கச் சென்றபின் பேதி தொடர்ந்தது, மேலும் திரவம் செலுத்தப்படவில்லை, மூதாட்டி இறந்தார்.

பேதி நிற்கும்வரை இழப்பை ஈடுசெய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை அன்றைய மருத்துவ உலகம் விளங்கிக்கொள்ளவில்லை. தூய்மையற்ற நீரைக் குருதியில் செலுத்தியதால் வேறு கேடுகளும் நேர்ந்தன. குருதியை வெளியேற்றியும் பேதிக்கு மருந்து கொடுத்தும் நோயாளியை மேலும் வற்றச் செய்த பழைய முறைகளுக்கே மருத்துவர்கள் திரும்பினர். லாட்டா மறு ஆண்டே மறைந்தார். ஓஷாக்னெசி கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1833இல் கல்கத்தா வந்து, பின்னாளில் இந்தியாவின் தந்திக் கம்பி அமைப்பை நிறுவியவராகப் புகழ்பெற்றார். காலரா ஆண்டுதோறும் தாக்கிய நாட்டிலேயே அவர் வாழ்ந்தும், அவருடைய கண்டுபிடிப்பு இந்நாட்டு நோயாளிக்குப் பயன்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் செறிவு மிகுந்த உப்புத்திரவத்தை நாளத்தில் ஏற்றி இறப்பை வெகுவாகக் குறைத்த பின்னரே அம்முறை வேரூன்றிற்று. ஆயினும் அது ஊசியும் புட்டியும் மருத்துவரும் உள்ள இடங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று.

வாய்வழியே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தவர் உண்டு. வெறும் உப்புநீரைக் குடித்தால் பேதி தணியவில்லை. அந்நீரும் சேர்ந்தே வெளியேறியது. குடல் பழுதாகிவிட்டது, அதற்கு ஓய்வு தர வேண்டும் என்று மருத்துவரும் நம்பினர், வீட்டாரும் நம்பினர். நீர் கொடுத்தால் பேதி மிகும் என்று அஞ்சி, நாவறண்டு அழுத குழந்தைக்கு நீர் மறுத்த வீடுகள் எத்தனையோ. அன்பின் பேரில் நிகழ்ந்த கொடுமை அது.

கல்கத்தாவில் இருவர்

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ந்து காலராவின் நுண்ணுயிரை உறுதிசெய்தார். அந்நுண்ணுயிர் எவ்வாறு கொல்கிறது என்பதை எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே நகரின் சம்புநாத் டே கண்டறிந்தார். நுண்ணுயிர் குடலைத் துளைப்பதில்லை. ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்நச்சே பேதியை உண்டாக்குகிறது என்று எளிய கருவிகளைக் கொண்டு முயலின் குடலில் காட்டி 1959இல் வெளியிட்டார். இக்கண்டுபிடிப்பின் அருமையை அவர் வாழ்ந்த காலத்தில் நாடு போதிய அளவு உணரவில்லை. 1985இல் அவர் மறைந்தார்.

அந்நச்சு செய்வது யாது என்பதை இன்று நாம் அறிவோம். அது குடற்சவ்வின் உயிரணுக்களுக்குள் புகுந்து, குளோரைடு அயனிகள் வெளியேறும் வாயிலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் மின்னூட்டத்தால் ஈர்க்கப்பட்டுச் சோடியம் செல்கிறது. இரண்டையும் தொடர்ந்து நீர் செல்கிறது. அரிசி கழுவிய நீர் போன்ற பேதியாக மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் வெளியேறும். குடல் கிழியவில்லை, வெந்து போகவில்லை. ஒரே ஒரு வாயிலின் காவல் தவறியது, அவ்வளவே. மருத்துவமின்றி விட்டால் கடும் நோயுற்றோரில் பாதிப்பேர் இறப்பர்.

மற்றொருவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி. 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காப்பாற்றியதாக 1953இல் ‘லான்செட்’ ஏட்டில் அவர் எழுதினார். அவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் அல்லர். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவும் இல்லை. அது ஏன் பயன்தருகிறது என்பதற்கும் அன்று விளக்கம் கிடையாது. ஆகவே உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

விளக்கம் 1960இல் வந்தது. அமெரிக்க உயிர்வேதியியலார் ராபர்ட் கிரேன், பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், குடலின் உயிரணு குளுக்கோசைத் தனியே உள்ளிழுப்பதில்லை, சோடியத்தோடு சேர்த்தே இழுக்கிறது என்ற கருத்தை வைத்தார். உயிரணுவின் அடிப்புறத்தில் உள்ள இறைப்பி சோடியத்தை ஓயாமல் குருதியின் பக்கம் தள்ளுவதால் உள்ளே சோடியம் குறைந்தே இருக்கிறது. ஆகவே குடலின் பக்கத்துச் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. அதற்கென்று உள்ள ஒரு கதவு, குளுக்கோசும் சேர்ந்து வந்தாலே திறக்கும். இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் கைகோத்து நுழைகின்றன, நீர் பின்தொடர்கிறது. காலரா நச்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை என்பதுதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. ஒரு வாயில் வழியே நீர் கொட்டிக்கொண்டிருந்தாலும் மற்றொரு வாயில் வழியே அதனை மீட்கலாம். அதற்கு உப்பு மட்டும் போதாது. சர்க்கரை மட்டும் போதாது. இரண்டும் அளவோடு வேண்டும்.

டாக்காவும் பனகாவ்ம் முகாமும்

அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் 1960இல் ஒரு காலரா ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டிருந்தது. அங்கே பணியாற்றிய டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரு இளம் அமெரிக்க மருத்துவர்கள், வங்காள மருத்துவர்கள், செவிலியருடன் சேர்ந்து ஒரு சோதனையை நடத்தினர். நோயாளி எவ்வளவு இழக்கிறாரோ அவ்வளவும் அளந்து, உப்பும் குளுக்கோசும் கலந்த நீராக வாய்வழியே திருப்பிக் கொடுத்தனர். நாளத்தில் ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 1968இல் இம்முடிவு வெளியாயிற்று. கல்கத்தாவிலும் அதே காலத்தில் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. ஆனால் மருத்துவமனைக்கு வெளியே, படிப்பறியாத மக்கள் கையில் இதனைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் நீங்கவில்லை.

தயக்கத்தை நீக்கியது ஒரு பேரழிவு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பனகாவ்ம் நகரில் குவிந்தனர். முகாமில் காலரா பரவிற்று. கல்கத்தா மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் அங்கே சென்றபோது நோயாளிகள் தரையிலேயே கிடந்தனர். ஏற்றுவதற்கான திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலந்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளியின் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் குவளையில் பிடித்துப் புகட்டினர். தொடக்கத்தில் நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு, இக்கரைசலைப் பெற்றோரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. மருத்துவக் கல்வி அறியாத உறவினரே மருத்துவராக இயலும் என்பதை அம்முகாம் மெய்ப்பித்தது. மஹாலனாபிஸ் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. 1978இல் ‘லான்செட்’ ஏடு, சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து செல்லும் இவ்வுண்மையின் கண்டுபிடிப்பை அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாகக் கருதத் தகும் என்று தலையங்கம் தீட்டிற்று.

விடுதலை பெற்ற வங்கதேசத்தில் இக்கல்வி வீடுவீடாகச் சென்ற வரலாறு நம் சமுதாயம் சிறப்பாக அறிய வேண்டியது. ஃபஸ்லே ஹசன் ஆபித் நிறுவிய ‘பிராக்’ அமைப்பின் பெண் ஊழியர்கள் 1980 முதல் பத்தாண்டுகள் ஊர் ஊராக நடந்தனர். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர். இவ்வளவே பாடம். தராசு வேண்டா, பொட்டலம் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. பின்னர் மேற்பார்வையாளர் வந்து தாய்மாரிடம் கேட்டறிவார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாளோ அதற்கேற்பவே ஊழியருக்கு ஊதியம். கற்பித்தேன் என்பதற்கன்று, கற்றாள் என்பதற்கே கூலி. ஏறத்தாழ 1.2 கோடி வீடுகள் இவ்வாறு பாடம் பெற்றன. பெரும்பான்மை முஸ்லிம்கள் வாழும் ஓர் ஏழை நாட்டின் சிற்றூர்ப் பெண்கள் கற்றும் கற்பித்தும் நிகழ்த்திய இச்சாதனையை, முஸ்லிம் பெண்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் மறவாமல் குறிக்க வேண்டும்.

அரிசியும் கஞ்சியும்

சர்க்கரைக்கு மாற்றாக அரிசி பயன்படுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அரிசி மாவுப்பொருள், குடலில் மெல்ல மெல்லச் சிதைந்து குளுக்கோசாகிறது. ஒரே நேரத்தில் சர்க்கரைச் செறிவு மிகாது. ஆகவே அது நீரை எதிர்ப்புறம் இழுக்காது. டாக்காவில் அப்துல் மஜீத் மொல்லாவும் அவருடைய குழுவினரும் அரிசிமாவுக் கரைசலைச் சோதித்து 1980களின் தொடக்கத்தில் நல்ல முடிவுகளை வெளியிட்டனர். காலராவில் அது பேதியின் அளவையும் குறைத்தது.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1992இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 என்ற புதுவகைக் காலரா நுண்ணுயிர் விரைவில் வங்கம்வரை பரவி உலகைத் திகைக்க வைத்தது. ஆயினும் அதன் நச்சு பழைய நச்சே ஆதலால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் அதற்கும் மருந்தாக நின்றது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்ந்தோரும், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தனர். அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டுச் சிறு கொழுப்பு அமிலங்களாகிறது. அவ்வமிலங்கள் பெருங்குடல் சோடியத்தை உறிஞ்சத் தூண்டுகின்றன. பேதி விரைவில் தணிந்ததை அவர்கள் 2000இல் வெளியிட்டனர்.

இவ்விடத்தில் நம் மனம் நோன்புக் கஞ்சியை நினைக்காமல் இருக்க இயலாது. புதுக்கோட்டைக் கடற்கரையிலும் அறந்தாங்கியிலும் தமிழகத்தின் ஏனைய ஊர்களிலும் ரமளான் மாதத்தில் பள்ளிவாசல் அண்டாக்களில் கொதிக்கும் கஞ்சியில் அரிசி உண்டு, பருப்பு உண்டு, உப்பு உண்டு. நோன்பு திறப்போர் முதலில் பேரீச்சம்பழமும் நீரும் உட்கொள்கின்றனர்; பழம் சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் தருகிறது. பின்னர் கஞ்சி, சோடியத்தையும் மெல்லச் சிதையும் மாவுப்பொருளையும் நீரையும் சேர்த்துத் தருகிறது. நம் மூத்தோர் உயிரணுவின் கதவை எண்ணிக் கஞ்சி காய்ச்சினர் என்று நாம் சொல்லவில்லை. மலிவானது, பலருக்கும் போதுமானது, வெறுவயிற்றுக்கு இதமானது என்று பட்டறிவால் தேர்ந்தனர். அத்தேர்வு அறிவியலோடு ஒத்துப்போவதைக் கண்டு மகிழலாம். அதற்குமேல் உரிமை கோர வேண்டியதில்லை. பேதிக்கு நோன்புக் கஞ்சியே மருந்து என்று எவரும் கருதிவிடவும் கூடாது. நோயுற்றவர் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கம் அளித்துள்ள சலுகை, நீரிழந்து வாடும் உடலுக்கும் உரியதே என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

எஞ்சியிருக்கும் கடமை

உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் 2002இல் கரைசலின் அளவைத் திருத்தின. இன்று கிடைக்கும் பொட்டலத்தில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோசு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட்டு உப்பு ஆகியவை உள்ளன. ஒரு லிட்டர் தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்பது எளிய அளவுகோல். ஒவ்வொரு முறை பேதியான பின்பும் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் பதினான்கு நாள் தரப்படுகிறது. குழந்தை மயங்கினாலோ குடிக்க இயலாமற் போனாலோ மலத்தில் குருதி கண்டாலோ மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இவ்வளவு எளிய மருந்து இருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்கு உட்பட்ட நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் பேதியால் இறக்கின்றனர். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பேதி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர்க்கே இக்கரைசல் கிடைத்தது. எஞ்சிய நாற்பது பேருக்குத் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லியோ, வெறும் நீரோ, கடைப் பானமோ கிடைத்திருக்கலாம். ஒன்றுமே கிடைக்காமலும் இருந்திருக்கலாம். சர்க்கரை மிகுந்து உப்புக் குறைந்த பானங்களை இம்மருந்தின் பெயரைச் சூட்டி விற்ற வணிகமும் நம் நாட்டில் நடந்தது. அத்தகைய பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை மேலும் பெருக்கும். அளவுக்கு உட்படாத பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. எனினும் பெயரை நம்பாமல் அட்டையில் உள்ள அளவைப் படித்து வாங்குவதே நமக்குப் பாதுகாப்பு.

1832இல் உண்மை கண்டறியப்பட்டது. 1971இல்தான் அது ஏழையின் குவளைக்கு வந்தது. இடைப்பட்ட 139 ஆண்டுகளில் உப்பு எப்போதும் நம் அடுக்களையில்தான் இருந்தது. புதுக்கோட்டையின் உவர்மண்ணிலும் இருந்தது. மண்ணுப்பைத் தடுப்பதற்கு அரசு ஆண்டுக்கு 38,000 ரூபாய் செலவிட்ட நாள்களில், அவ்வுப்பில் ஒரு சிட்டிகை ஓர் உயிரின் விலை என்பதை எவரும் அத்தாய்மார்க்குச் சொல்லித் தரவில்லை; சொல்லித்தர அறிந்தாரும் இலர். இன்று அறிந்தவர் நாம். மக்தபில் பாடம் கேட்கும் சிறுமிக்கும், ஜும்ஆவுக்கு வரும் தந்தைக்கும், மகளிர் கூட்டங்களில் அமரும் தாய்க்கும் இந்த மூன்று விரல் பாடத்தைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குமாறு நம் ஜமாஅத்துகளையும் கல்வி நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.